நீ மசூதின்னு சொல்லவே மாட்டே

என் லெஃப்ட் கால் நஸ்ஸுக்கு,

தப்பும் தவறுமா டைப் பண்ணா திட்டாத. இத நான் நம்ம பனிக்குழி பேஜ்லயே போடப் போறேன். நம்ம ஆளுங்க எல்லாரும் படிப்பாங்க. அவங்களுக்கு நீ செத்துட்டேன்னே தெரியாது நஸ்ஸு. நான் சொல்லல. நீ போய் எட்டு மாசம் ஆகுது, எட்டு மாசமா நீ பேசிக்கினு இருக்கேன்னு நம்பிக்கினு இருக்காங்க.

இப்ப சொல்லிட்டேன். இந்த ரெண்டு வரி எழுதறதுக்கே நாலு வாட்டி போன கவுத்து வெச்சேன். இத போட்டதும் கீழ இன்னா இன்னா எழுதுவாங்களோ. பயம் தான். ஆனா அத விட பெரிய பயம் ஒண்ணு போன ஞாயித்துக்கெழம உங்க வீட்ல பாத்தேன். அத சொல்லத்தான் இந்த லெட்டர்.

படிக்கிறவங்களுக்கு நம்மள பத்தி கொஞ்சம் சொல்லிக்கறேன், இரு. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. நான் தோல் ஓரத்த மெலிசா சீவுற மிஷின்ல. நீ ஜோடி பாக்கற டேபிள்ல. லெஃப்டும் ரைட்டும் ஒரே கலரா, ஒரே தோல்ல இருந்து வந்த மாதிரி இருக்கான்னு பாத்து சேத்து கட்றது உன் வேல. கம்பெனி பஸ் பேர்ணாம்பட்டுல உன்ன ஏத்தும், அதுக்கு முன்னாடியே எங்க ஊர்ல என்ன ஏத்தியிருக்கும். ஜன்னல் சீட்ட உனக்கு புடிச்சு வெப்பேன். லைன்ல எல்லாரும் நம்மள லெஃப்ட் ரைட்டுன்னு தான் கூப்டுவாங்க. ஒண்ணு வந்தா இன்னொண்ணு எங்கன்னு கேப்பாங்க. இப்பவும் வேற ஷிப்ட் ஆளுங்க யாராவது கேக்கறாங்க. நான் மிஷின பாத்துக்கினு இருக்கற மாதிரி நடிக்கறேன்.

நீ அந்த துருக்கி சீரியல டப்பிங்ல பாத்துக்கினு இருந்தே, ஞாபகம் இருக்கா? குதிர, கத்தி, ஒரே அழுவ. டீ டைம்ல ஒரு எபிசோடு முடிஞ்சு அதுவா அடுத்த வீடியோ ஓடிச்சு. ஒரு ஏரி. ஏரிக்கு பக்கத்துல கல்லுல ஒரு கட்டடம். கேமரா உள்ள போச்சு, உள்ள பூரா மரம். காடு மாதிரி தூணு. நடுவுல தரையில ஒரு குழி, சுத்தி கட்டம் கட்டி வெச்சிருக்காங்க. நீ டீய கீழ வெச்சுட்டு சொன்னே, "ரேவா, மஸ்ஜித்துக்குள்ள ஊறல் குழி வெச்சிருக்காங்கடி."

அவ்ளோ தான். அங்க வுழுந்தோம் ரெண்டு பேரும். ஒரு சீரியல் நடிகர் பின்னாடி பைத்தியமா சுத்துற வயசுல நம்ம எழுநூறு வருஷத்து தூண் பின்னாடி சுத்தினோம். பஸ்ல, டாய்லெட் க்யூல, சம்பள நாள் லைன்ல, எங்கயும் அதே பேச்சு. பெய்ஷெஹிர்ங்கற அந்த ஊர் பேர சரியா சொல்றதுக்கே ஒரு வாரம் ஆச்சு நமக்கு.

அத பத்தி பேசி போட ஒரு பேஜ் ஆரம்பிச்சோம். நம்ம மொத வீடியோவே தப்பு. உங்க அப்பா தோல் பதம் பண்ற ஷாப்புல குழில தோல் ஊறப்போடற வேல பாத்தவரு. அதனால குழின்னா உனக்கு ஊறல் குழி தான். தூணுக்கு வெட்டின மரத்தயெல்லாம் அந்த குழில தான் ஊறப்போட்டாங்கன்னு அடிச்சு சொல்லிட்டே. நானும் ஆமாமான்னு எழுதி குடுத்தேன். அந்த தூணு ஒவ்வொண்ணும் ரெண்டு மாடி ஒசரம். அந்த குழில ஒரு தூணோட கால் கூட நனையாது. தோல் ஊர்ல பொறந்தவங்க தவிர உலகத்துல வேற யாரும் இந்த தப்ப பண்ணியிருக்க மாட்டாங்க. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிரான்ஸ்லேட் போட்டு பாத்துட்டு கீழ வந்து பொறுமையா எழுதினாரு, தங்கச்சி, அது பனிக்குழின்னு.

நீ பேஜார் ஆவேன்னு நெனச்சேன். நீ பஸ்லயே குதிச்சே. ஏன்னா நமக்கு புரிஞ்சிடுச்சு. அந்த காலத்துல கூர மண்ணு, தட்டையா இருக்கும். பனி பேஞ்சா மேல ஏறி நிக்கும். குழிக்கு நேர் மேல கூரைல ஒரு தொறப்பு. பனிய தள்ளி அது வழியா உள்ள குழில கொட்டுவாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா உருகி, அந்த ஈரம் உள்ள பரவி, மரம் காஞ்சு வெடிக்காம இருந்துச்சுன்னு சொல்றாங்க. இத படிச்சுட்டு வேற யாருன்னா ஓஹோன்னு போயிருப்பாங்க. நமக்கு அப்டி இல்ல. தோல்ல ஈரம் கொஞ்சம் கம்மியானா இன்னா ஆவும்னு நம்ம தெனமும் கையால பாக்கறவங்க. என் மிஷின்ல காஞ்ச தோல் வந்தா ஓரம் பொடிப்பொடியா உதிரும். "அவங்களுக்கு தோல் வேல தெரிஞ்சிருக்குடி"ன்னு சொன்னே நீ. அன்னைக்கு தான் பேஜுக்கு பனிக்குழின்னு பேர் வெச்சோம்.

அப்புறம் அது யார் கட்டினது, எப்பன்னு தேடினோம். அந்த நாட்ட ஆண்ட செல்ஜூக் சுல்தானுங்க பேருக்கு தான் அப்ப கொன்யாவுல ஒக்காந்திருந்தாங்க. மேல மங்கோலியர் கை. எந்த ஊர எப்ப யார் வந்து கொளுத்துவாங்கன்னு தெரியாத காலம். அந்த நேரத்துல ஏரிக்கர ஊர்ல ஒரு சின்ன அமீர், செல்ஜூக் ஆளுங்க கட்ற மாதிரியே, கல்லுல வாசல் வெச்சு, மரத்துல இத கட்டினான். தேவதாரு மரத்த ஆறு மாசம் ஏரித் தண்ணில போட்டு வெச்சாங்கன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு. அதுக்கு எழுத்துல ஆதாரம் நமக்கு கெடைக்கல. அதனால நீ வீடியோல "சொல்றாங்க"ன்னு ஒரு வார்த்த சேத்தே. அது இல்லாம பேச மாட்டேன்னுட்டே. மொத வீடியோல பட்டது போதும்னே.

நம்ம காவேரிப்பாக்கம் ஏரிக்கு போனோமே, அங்க கரைல ஒக்காந்து நீ கேட்டே. நாளைக்கு மங்கோலியர் குதிரைங்க வந்துருமோன்னு பயந்துக்கினு இருக்கறவன் எப்டிடி ஆறு மாசம் மரத்த ஊறப்போடுவான்? பயம் வந்தா எனக்கு ஆறு நிமிஷம் கூட பொறுக்க முடியல, அதான் இவ்ளோ பெரிய தப்ப பண்ணிட்டேன்.

சொல்றேன்.

நம்ம வேலய பிரிச்சுக்கினோம் இல்ல. தேடறது, எழுதறது, எடிட் பண்றது நான். பேசறது நீ. என் குரல் கரகரன்னு இருக்கும், நீ தான் பேசணும்னு நானே அடம் புடிச்சேன். ஞாயித்துக்கெழம உங்க சமயல் ரூம்ல ஒக்காந்து வாய்ஸ் நோட்டு போடுவே. பின்னாடி குக்கர் விசில் வரும். உங்க அம்மா, நானும் அம்மின்னே கூப்டறவங்க, பாத்திரம் உருட்டுவாங்க. தெருவுல கீரக்காரர் கத்துவாரு. நான் திட்டுவேன், வேற ரூம் போய் பேசேன்டின்னு. வேற ரூம் ஏதுடி எங்களுக்குன்னு சிரிப்பே.

அப்புறம் அந்த மழைல உனக்கு காய்ச்சல் வந்துச்சு. லீவு லெட்டர் நான் தான் எழுதி குடுத்தேன். மூணு நாள்னு எழுதினேன். நாலாவது நாள் நீ இல்ல.

நீ எனக்கு அனுப்பி வெச்ச வாய்ஸ் நோட்டுங்க போன்ல அப்டியே இருந்துச்சு. வீடியோல போடாததும் நெறைய. மொத மாசம் அத வெட்டி ஒட்டி ரெண்டு வீடியோ போட்டேன். உன் பேச்சு தான், நீ பேசினது தான், அதுல ஒண்ணும் தப்பில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. நஸ்ரீன் அக்கா எங்க போய்ட்டீங்கன்னு கேட்டாங்க. உன் பேர்ல நானே பதில் எழுதினேன், வேல ஜாஸ்தி தோஸ்த்னு. எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் நீ இருக்கற மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் நோட்டு தீந்து போச்சு. ஒரு ஆப்பு இருக்கு. ஒருத்தர் குரல குடுத்தா அந்த குரல்லயே நம்ம எழுதறத பேசும். உன் நோட்டு எல்லாத்தயும் அதுல போட்டேன். சோதிச்சு பாக்க இன்னா எழுதறதுன்னு தெரியாம, "ரேவா, சாப்ட்டியா"ன்னு எழுதினேன். நீ கேட்டே. அதே மாதிரி. கடைசில அந்த சின்ன இழுப்போட. நான் போன கட்டில்ல தூக்கி போட்டுட்டு வாசலுக்கு ஓடிட்டேன். அப்புறம் திரும்பி வந்து எத்தன வாட்டி கேட்டேன்னு எனக்கே தெரியல.

அன்னைக்கே நிறுத்தியிருக்கணும்.

நிறுத்தல. பழைய வீடியோல உன் குரலும் புதுசுல ஆப்பு குரலும் மாத்தி மாத்தி வரும்போது, பின்னாடி சத்தம் இருக்கறதும் இல்லாததும் தனியா தெரிஞ்சிடுச்சு. மாட்டிக்குவேன்னு பயம். இன்னொரு ஆப்புல போட்டு பழைய வீடியோ எல்லாத்துலயும் குக்கர், பாத்திரம், கீரக்காரர், எல்லாத்தயும் அழிச்சு திரும்ப ஏத்தினேன். வாய்ஸ் செம கிளியரா இருக்கே, புது மைக்கான்னு ஒருத்தர் கேட்டாரு. ஆமா, புது மைக்குன்னு உன் பேர்ல எழுதினேன்.

போன மாசம் மிம்பர் வீடியோ போட்டேன். நம்ம ரெண்டு பேரும் ஆசப்பட்டு பாதில வுட்டது. இமாம் ஏறி நின்னு பேசற அந்த வால்நட் மர மேட. நட்சத்திரமும் அஞ்சு மூலையும் ஆறு மூலையுமா சின்னச் சின்ன மரத்துண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்கும். ஆணி இல்ல, பச இல்ல. மரம் வெயில்ல சுருங்கும், ஈரத்துல உப்பும், அதுக்கு எடம் வுட்டு சேத்திருக்காங்க. நீ இத கேட்டதும், சொல்யூஷன் பச தடவாம தையல் போடாம ஒரு ஷூவ நிக்க வெக்க முடியுமாடின்னு சூப்பர்வைசர் கிட்டயே போய் கேட்டே. அவர் போய் வேலய பாருன்னாரு.

வேற மஸ்ஜித்ங்கள்ல இதுலயே போலியும் உண்டுன்னு படிச்சோம் இல்ல. ஒரே பலகைல நட்சத்திரம் மாதிரி செதுக்கி, மேல பட்டி ஒட்டி, ஆணி அடிச்சு, சொருகின மாதிரியே காட்றது. புதுசுல ஒரு வித்தியாசமும் தெரியாது. வருஷம் போவப் போவ பலக சுருங்கும், வுட்டுக்குடுக்க எடம் இல்லாததால குறுக்கால வெடிக்கும். உனக்கு அந்த போட்டோ புடிக்கவே புடிக்காது. ரெக்ஸின் ஷூன்னு சொல்லுவே.

அந்த போலிய பத்தியும் நான் எழுதினேன், உன் போலிக் குரல்ல பேச வெச்சேன். அப்ப எனக்கு ஒரு துளி கூட ஒறைக்கல.

ரெண்டு நாள் கழிச்சு அம்மி கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட்டு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா பேட்டி, ஒண்ணு கேக்கணும். பேட்டின்னா அவங்க உருதுல மகளே. அவ்ளோ தான். குரல்ல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வாரம் பூரா நான் எப்டி இருந்தேன்னு கேக்காத. சீவுற மிஷின்ல வெரல வுட இருந்தேன். பஸ்ல ஜன்னல் சீட்டுல யாரும் ஒக்காரக்கூடாதுன்னு பைய வெச்சுட்டு, பையவே பாத்துக்கினு வந்தேன்.

உங்க வீட்டுக்கு போனேன். அம்மி குக்கர் வெச்சிருந்தாங்க. ஒக்காருன்னாங்க, தண்ணி குடுத்தாங்க. உன் போன் அவங்க கைல. எட்டு மாசமா அவங்க நம்ம பேஜ பாத்துக்கினு தான் இருந்திருக்காங்க. பழசு போலருக்கு, என் பொண்ணு முன்னாடியே பேசி வெச்சத இந்த பொண்ணு போடறான்னு நெனச்சிருக்காங்க. தொழுதுட்டு வந்து ஒக்காந்து கேப்பாங்களாம். மிம்பர் வீடியோவ ஓட வுட்டாங்க. பாதில நிறுத்தினாங்க.

"மசூதின்னு சொல்றா பாரு," அம்மி சொன்னாங்க. "என் பொண்ணு வாய்ல அந்த வார்த்த வராது பேட்டி. பொறந்ததுல இருந்து மஸ்ஜித் தான். இது யாரு?"

ஆமா. நீ மஸ்ஜித்னு தான் சொல்லுவே. நான் ஸ்கிரிப்டுல மசூதின்னு எழுதி குடுத்தாலும் நீ படிக்கும்போதே மாத்திடுவே, நான் கவனிச்சதே இல்ல. எங்க வீட்ல, ஸ்கூல் புக்ல, நியூஸ்ல, எல்லாம் மசூதி. என் வாய்க்கு அது தான் வரும். ஆப்பு நான் எழுதினத அப்டியே படிச்சிடுச்சு. உன் குரல்ல என் வாய்.

எல்லாத்தயும் சொல்லிட்டேன். அழுதேன்னு நெனைக்கறேன். அம்மி எழுந்து போய் குக்கர எறக்கினாங்க. திரும்பி வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. பேஜ இப்பவே மொத்தமா அழிச்சிடறேன் அம்மின்னு நான் போன எடுத்தேன். கைய புடிச்சுக்கினாங்க. அழிச்சா என் பொண்ணு பேசினதும் போய்டுமே. பிரிச்சு குடு. அவ எது, அது எதுன்னு பிரின்னாங்க.

ஒண்ணொண்ணா ஓட வுட்டோம். நீ போனதுக்கப்புறம் போட்டது. நான் சொல்றதுக்கு முன்னாடியே அம்மி சொல்லிடுவாங்க, இது அவ, இது இல்ல. நீ ஜோடி பாக்கற மாதிரியே இருந்துச்சு, தல சாச்சுக்கினு. நடுவுல நிறுத்தி ஒண்ணு கேட்டாங்க.

"அவ பேசறப்ப நான் பக்கத்துலயே தான சமச்சுக்கினு இருந்தேன். இதுல நான் எங்க?"

நஸ்ஸு, அதுக்கு நான் இன்னா சொல்லுவேன்? உங்கள அழிச்சுட்டேன் அம்மி, சுத்தமா இருக்கட்டும்னு அழிச்சுட்டேன்னா?

அந்த கூரத் தொறப்புக்கு மேல பின்னாடி வந்தவங்க கண்ணாடி போட்டு மூடிட்டாங்க இல்ல. நீ அத படிச்சுட்டு ரெண்டு நாள் பொலம்பினே. மழ, பனி, பறவ எச்சம் உள்ள வுழக்கூடாதுன்னு நல்லதுக்கு தான் போட்டாங்க. அதுக்கப்புறம் உள்ள ஈரம் போய் மரம் காயுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. எவ்ளோ நாள் தாங்குமோன்னு நீ கேட்டே. நான் தான் அப்பவும் கண்ணாடி போட்டவங்க பக்கம் பேசினேன், குளுருமேடின்னு.

கடைசியா ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. பனிய பத்தி பேசற அந்த சின்ன வீடியோ. மேல இருந்து பனி வுழறப்ப உள்ள தொழுவறவங்க மேலயும் ரெண்டு துளி தெறிச்சிருக்கும் இல்ல, அவங்க தொடச்சிருப்பாங்களா வுட்டிருப்பாங்களா, அப்டின்னு கேக்கும். எல்லாரும் ஜாஸ்தி ஷேர் பண்ணது அது தான். அது நீயா, நான் எழுதினதா, எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. நடுவுல டிஸ்ப்ளே ஒடஞ்சு போன் மாத்தினப்ப கொஞ்சம் நோட்டு போச்சு. இது அதுல போனதா, இல்ல நோட்டே இல்லாம நானா எழுதினதா? உன்ன மாதிரியே கேள்வி கேட்டு கேட்டு, எது உன் கேள்வி எது என் கேள்வின்னு எனக்கே கொழம்பிப் போச்சு.

அம்மி கேட்டாங்க. திரும்ப கேட்டாங்க. காதுல வெச்சு கேட்டாங்க. அப்புறம் போன மடில வெச்சுட்டு என்ன பாத்தாங்க. அவங்க மொகத்துல நான் பாத்தத எப்பவும் மறக்க மாட்டேன். நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப கூட அப்டி இல்ல.

"எனக்கே தெரியலயே பேட்டி."

அது தான் அந்த பெரிய பயம். பெத்தவங்களுக்கு உன் குரல் அடையாளம் தெரியல. அது அவங்க காதோட தப்பில்ல. நான் பண்ணினது. கிணத்துல எட்டி பாத்த மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச மாசம் இப்டியே போயிருந்தா, உன் குரல் எதுன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாம போயிருக்கும். உன்ன வெச்சிருக்கறதா நெனச்சுக்கினு உன்ன தொலச்சிருப்பேன்.

சோறு ஆறிப் போச்சு. அப்ப எனக்கு உன் டேபிள் ஞாபகம் வந்துச்சு. கலர்ல சந்தேகம் வர்ற ஜோடிய நீ கட்டவும் மாட்டே, ரிஜெக்ட் பெட்டில போடவும் மாட்டே. ஜன்னல் மேட்டுல எடுத்து வெச்சிடுவே. ட்யூப் லைட்டுல தெரியாது, காலைல வெளிச்சத்துல பாத்துக்கலாம்னுவே. சூப்பர்வைசர் எத்தன வாட்டி கத்தியிருப்பாரு. இத அம்மி கிட்ட சொன்னேன். உன் வேலய பத்தி இது அவங்களுக்கு தெரியாது. அப்டி செய்வாளான்னு கேட்டாங்க. மொத வாட்டி லேசா சிரிச்சாங்க, மூக்கத் தொடச்சுக்கினு.

அப்ப அதயும் ஜன்னல்ல வை. பேஜ்ல வேணாம். அழிக்கவும் வேணாம். அப்டின்னாங்க.

ஆப்பு பேசினது எல்லாத்தயும் அங்கயே, அவங்க முன்னாடியே எடுத்துட்டேன். அந்த ஆப்புல இருந்த உன் குரலயும் அழிச்சுட்டேன். உறுதியா அழிக்கவான்னு அது கேட்டுச்சு. நஸ்ஸு, அந்த பட்டன நான் அழுத்தல. என்னால முடியல. அம்மி தான் அழுத்தினாங்க. அழுத்திட்டு அந்த வெரல கொஞ்ச நேரம் இன்னொரு கைல புடிச்சுக்கினு இருந்தாங்க.

பேஜ் அவ்ளோ தான் அம்மின்னேன். ஏன், உனக்கு வாய் இல்லயான்னாங்க. என் குரல் கரகரன்னு இருக்கும். நான் மஸ்ஜித்னு சொன்னா நடிக்கற மாதிரி இருக்கும், எனக்கு மசூதின்னு தான் வரும். ரெண்டயும் சொன்னேன்.

"வரட்டுமே," அம்மி சொன்னாங்க. "அது உன் வாய். அவ வாய்ல தான் வரக்கூடாது."

அப்ப இங்கயே ஒக்காந்து பேசுன்னுட்டு, பருப்புக்கு திரும்ப குக்கர் வெச்சாங்க. பேசினேன். அந்த வாசல பத்தி. நாலு மூலையும் சதுரமா இல்லாம, தெருவ பாத்த ஒரு மூலய சாய்வா வெட்டி, அங்க அவ்ளோ பெரிய கல் வாசல வெச்சாங்களே, அது. உள்ள போனா தூணெல்லாம் நேரா நிக்கும், வாசல் மட்டும் கோணல். வர்றவங்க எந்தப் பக்கமா வருவாங்களோ அந்தப் பக்கமா திரும்பி நிக்குது. கட்டினவன் வம்சம் கொஞ்ச வருஷத்துலயே முடிஞ்சு போச்சு. வாசல் இன்னும் அதே பக்கம் திரும்பி நிக்குது. இத சொல்றப்ப கரெக்டா குக்கர் விசில் அடிச்சுச்சு. நிறுத்தட்டுமான்னு அம்மிய பாத்தேன். பேசு பேசுன்னு கரண்டிய ஆட்டினாங்க.

இந்த லெட்டருக்கு கீழ அந்த வீடியோவ போடறேன். நல்லா இல்ல. ரெண்டு எடத்துல தெணர்றேன். கேக்கறவங்க திட்டலாம், இத்தன மாசம் ஏமாத்தினேன்னு போய்டலாம். போறவங்கள நான் தப்பா நெனைக்க மாட்டேன். உங்க எல்லார் கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன். நஸ்ரீன் பேர்ல நீங்க அனுப்பின ஹார்ட்டுல பாதி எனக்கு வந்தது, எனக்கு வந்திருக்கவே கூடாதது.

நஸ்ஸு, உன் குரல்ல குக்கர் சத்தத்தோட இருக்கற பழைய நோட்டு பதினொண்ணு தான் மிச்சம். எல்லாத்தயும் அம்மி போனுக்கு அனுப்பிட்டேன், அழிக்காம, வெட்டாம, இருமலோட. அந்த பனி வீடியோவ தனியா வெச்சிருக்கேன். இன்னும் கேக்கல. கேக்க பயமா இருக்கு. நீயா இருந்தா இன்னா பண்ணுவேன், நீயா இல்லன்னா இன்னா பண்ணுவேன்? என்னைக்காவது ஒரு நாள் வெளிச்சத்துல தெரியுமா? உனக்காவது தெரியுமா?

ஒண்ணு மட்டும் எழுதி தர்றேன். இனிமே உன் வாய்ல ஒரு வார்த்த கூட நான் வெக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம உங்க சமயல் ரூம்ல ஒக்காந்து என் கரகர குரல்ல மசூதின்னே சொல்லி பேசுவேன். விசில் வந்தா வரட்டும். அம்மி பாத்திரத்த உருட்டினா உருட்டட்டும். மேல கண்ணாடி போட மாட்டேன்.

உன் அம்மி பேட்டின்னு கூப்ட்டா இப்ப திரும்பி பாக்கற,
உன் ரைட் கால்,
ரேவதி